எங்கள் பட்டையைப் போட்டுக் காட்டுங்கள்

யார் வந்து கருவி காட்டினாலும் அதே சிலைடுதான். மாட்டின் நுரையீரல் தமனியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். உட்கரு நீலம், ஆக்டின் இழைகள் பச்சை, மைட்டோகாண்ட்ரியா சிவப்பு. கான்ஃபோக்கல் நுண்ணோக்கி விற்கிறவர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் ஆயத்தச் சிலைடு அது. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். செல்கள் கண்ணாடியோடு ஒட்டித் தட்டையாகப் படிந்திருக்கும். தடிமன் சில மைக்ரோமீட்டருக்கு மேல் போகாது. சாயமும் அழுத்தமாக ஏறியிருக்கும். எந்தக் கருவியில் வைத்தாலும் படம் அழகாகத்தான் விழும். வாங்கப் போகிறவர்கள் திரையைப் பார்த்து வியக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், விலை கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

என் வேலை ரப்பர் மரப் பட்டை. பட்டைக்குள் ஓடும் பால் குழாய்கள், குழாய்க்குள் மிதக்கும் துகள்கள், அவை எப்போது உடைகின்றன, குழாய் எப்போது அடைத்துக்கொள்கிறது என்பவைதான் நான் பார்க்க வேண்டியவை. மலாக்காவில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கான்ஃபோக்கல் ஸ்கேனிங் கருவி வாங்கலாம் என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் மாதிரியை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதைக் கேட்பது அவ்வளவு பெரிய குற்றமா?

கோலாலம்பூரிலிருந்து கருவி காட்ட வந்த தம்பி நம் பிள்ளைதான். மரியாதை தெரிந்த பையன், தொழிலும் நன்றாகத் தெரிந்தவன். "தம்பி, இந்தச் சிலைடு வேணாம். பட்டை சீவி வச்சிருக்கேன், அதப் போட்டுக் காட்டுங்க" என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, அது நல்லா வராதுக்கா. பெரியவங்க எல்லாம் உட்கார்ந்து பார்க்கிறாங்க. அப்புறம் தனியா போட்டுப் பார்க்கலாம்" என்றான்.

அந்த 'அப்புறம்' வரவேயில்லை. சாயங்காலம் கருவியைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனை அனுப்பியவர்கள் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பார்கள். என் கோபம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல். பட்டை நன்றாக வராது என்பது விற்க வந்தவனுக்கே தெரிந்திருக்கிறது. எவ்வளவு வராது, ஏன் வராது, வேறு எந்தக் கருவியில் இதைவிட மேலாக வரும் என்று தெரிந்துகொள்ளத்தானே கொண்டுவந்து காட்டச் சொன்னோம்? அதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வேறு மாநிலத்தில் இப்படி நடந்தால்கூட ஒருவிதமாகப் பொறுத்துக்கொள்வேன். மலாக்காவில் நடக்கலாமா? மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் இங்கே, புக்கிட் லிந்தாங்கில்தான் தொடங்கியது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நடத்திவந்த ஹென்றி ரிட்லி ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தும் தோட்டக்காரர்கள் காது கொடுக்காத காலம் அது. 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர்தான் அவர் பேச்சை நம்பி ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் சுமார் 3,000 ஏக்கருக்கு அதை விரித்தார். அதன் பின்னால் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பத்தாங் மலாக்கா என்று காடு திருத்திய தோட்டங்களுக்குத்தான் எங்கள் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள். புக்கிட் லிந்தாங்கில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ரப்பர் எங்கே வேர்விட்டதோ அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஒரு நுண்ணோக்கி வாங்குகிறோம். அதில் ரப்பர் பட்டை தெரியுமா என்று கேட்க ஆளில்லை.

அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார். இருட்டோடு சீவினால்தான் பால் நன்றாக ஓடும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் என்பதை அளந்து சொன்னது மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டரியும் போட்மனும் 1964இல் வெளியிட்ட ஆய்வு. வெயில் ஏறாத நேரத்தில் பால் குழாய்க்குள் அழுத்தம் பத்து அட்மாஸ்பியருக்கும் மேல் நிற்கிறது. வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்கத் தொடங்கியதும் அது இறங்கிவிடுகிறது. உளி பட்டவுடன் பால் பீறிட்டு, மரத்தில் கட்டிய மங்கில் இறங்குவது அந்த அழுத்தத்தால்தான்.

ஆனால் அம்மா கேட்டு வந்த கேள்வி வேறு. "பக்கத்து மரம் மங்கு நிறையக் குடுக்குது. இது இலையும் நல்லா இருக்கு, மரமும் நல்லா இருக்கு, சீவினா ஒரு சொட்டு வரல. உள்ள என்னதான் ஆச்சு?" பட்டை வறண்டுபோவது என்று சொல்லும் நோய் இது. அளவுக்கு மீறிச் சீவினாலும், பால் கூட வேண்டும் என்று எத்திஃபான் மருந்தை மிஞ்சித் தடவினாலும் கூடுதலாக வருகிறது. நூறாண்டுக்கு மேலாகப் பார்த்துவரும் நோய். முழுக் காரணம் இன்னும் கைக்கு வரவில்லை. வறண்ட மரத்துக்குப் பேர் எழுதிக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். சம்பளம் பால் எடையை ஒட்டியது என்பதால் அந்த நட்டம் கொஞ்சம் சீவியவர் தலையிலும் விழுந்தது. அம்மாவின் கேள்விக்குப் பதில் பட்டைக்கு உள்ளே இருக்கிறது. எனக்கு இந்தக் கருவி வேண்டியிருப்பது அதற்காகத்தான்.

பட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரியாமலில்லை. மரத்தின் வளரும் அடுக்கான கேம்பியத்துக்கு வெளியே, மென்பட்டையில், பால் குழாய்கள் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கின்றன. அடுத்தடுத்த செல்கள் இடைச்சுவர் கரைந்து ஒன்றோடொன்று இணைந்து குழாயாகிவிட்டவை அவை. கொஞ்சம் சாய்வாக மேலே ஏறுகின்றன. அதனால்தான் வெட்டுக் கோட்டை இடது மேலிருந்து வலது கீழாகச் சரித்துப் போடுகிறோம், கூடுதல் குழாய்கள் அறுபடும். கேம்பியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டு உளியை நிறுத்தாவிட்டால் மரம் புண்ணாகிவிடும். பாலுக்குள் ரப்பர் துகள்களோடு லுட்டாய்டு என்ற சின்னச் சின்னப் பைகளும் மிதக்கின்றன. சீவியதும் அந்தப் பைகள் உடைந்து ரப்பர் துகள்களைத் திரட்டிக் குழாய் வாயை அடைக்கின்றன. பால் ஓட்டம் நிற்பது இதனால்தான் என்று 1960களில் காட்டியவர்களில் முக்கியமானவர் சதர்ன், அதே ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை செய்தவர். பட்டையின் உள்ளமைப்பைப் பற்றி ஜே. பி. கோமஸ் எழுதி 1982இல் கோலாலம்பூரில் வெளிவந்த நூலைப் புரட்டாமல் இந்தத் துறையில் யாரும் நடமாட முடியாது. எல்லாம் இந்த நாட்டில், நம் மக்கள் சீவிய மரங்களைப் பார்த்து எழுதியவை. குழாயின் நுண்ணுறுப்புகளை அவர்கள் பார்த்தது பெரும்பாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில். அதற்கு மாதிரியை மருந்தில் ஊறவைத்து, மெலிதிலும் மெலிதாகச் சீவி, வெற்றிடத்தில் வைக்க வேண்டும். உருவம் துல்லியமாகத் தெரியும், உயிர் போயிருக்கும். லுட்டாய்டு உடைவதை உடையும்போதே பார்க்க வேண்டுமென்றால் ஒளியைத்தான் நம்ப வேண்டும்.

கான்ஃபோக்கல் கருவி செய்வது இவ்வளவுதான். சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில் ஒரு தடித்த மாதிரியை வைத்தால், நாம் பார்க்கும் தளத்துக்கு மேலும் கீழும் இருக்கிற எல்லாமும் ஒளிர்ந்து படத்தில் மூட்டம் போட்டுவிடும். கான்ஃபோக்கலில் ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, அந்தப் புள்ளியிலிருந்து திரும்பி வரும் ஒளியை மட்டும் ஊசித்துளை வழியாக உள்ளே விடுகிறார்கள். மற்ற தளங்களின் ஒளி துளையின் சுவரில் மோதி நின்றுவிடுகிறது. புள்ளி புள்ளியாக நகர்த்திப் படத்தைச் சேர்க்க வேண்டும். அந்த நகர்த்தலை எப்படிச் செய்வது என்பதில்தான் ஸ்கேனிங் கருவிகள் பிரிகின்றன.

மார்வின் மின்ஸ்கி 1950களின் நடுவில் ஹார்வர்டில் இருந்தபோது இதைச் செய்தார். 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1961இல் கிடைத்தது. அவருக்கு வேண்டியிருந்தது மூளைத் திசு. நரம்புச் செல்கள் அடர்ந்து பின்னிக் கிடப்பதை மூட்டமில்லாமல் பார்க்க வேண்டும். அதற்காகவே கருவியைக் கட்டினார். லேசர்கூட அப்போது வரவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் பெட்ரானும் ஹத்ராவ்ஸ்கியும் 1960களில் சுழலும் துளைத்தட்டு வைத்துச் செய்தது, உயிருள்ள மூளையையும் விழித்திரையையும் பார்க்க. 1980களில் கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஒயிட்டும் பிராட் ஏமஸும் லேசர் ஸ்கேனிங் கருவியைக் கட்டினார்கள். ஒயிட்டைப் படுத்தியது புழுவின் கருவில் செல் பிரிவதைப் பார்க்கவிடாத மூட்டம். 1987இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் பழைய முறைப் படத்தையும் புதிய முறைப் படத்தையும் ஒப்பிட்டுக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இவர்களில் ஒருவரும் கருவியை முதலில் யோசிக்கவில்லை. முன்னால் ஒரு மாதிரி இருந்தது, அது தெரியாமல் படுத்தியது, அதைப் பார்க்கக் கருவி பிறந்தது. நாங்கள் தலைகீழாக நிற்கிறோம். கருவி முதலில் வருகிறது. வந்த பிறகு அதில் எதைப் பார்க்கலாம் என்று மாதிரியைத் தேடச் சொல்கிறார்கள்.

தேர்வுக் குழுக் கூட்டத்தில் முதல் கேள்வி, "எத்தனை லேசர்?" இரண்டாவது கேள்வி, "பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எந்த கம்பெனி?" மூன்றாவது கேள்வி விலை. பட்டை என்ற சொல்லே வரவில்லை. நான் எழுந்து சொன்னேன். "டாக்டர், எல்லாம் கான்ஃபோக்கல்தானே, எதில் வைத்தாலும் தெரியுமில்லையா?" என்று கேட்டார் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். ஆனால் ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் கையெழுத்துப் போடுகிறவர் தெரிந்துகொண்டு வந்து உட்கார வேண்டாமா?

தெரியாது, ஐயா. எல்லாவற்றிலும் தெரியாது. கால்வனோமீட்டர் கண்ணாடி வைத்த கருவியில் ஒரே லேசர்ப் புள்ளி வரி வரியாக ஓடுகிறது. 512க்கு 512 புள்ளிகள் கொண்ட ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு வினாடி எடுக்கும். மெதுவானது, ஆனால் பொறுமையானது. ஊசித்துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், ஒவ்வொரு புள்ளியிலும் நின்று ஒளி சேர்க்கலாம். ரெசனன்ட் கண்ணாடி வினாடிக்கு 8,000 முறை ஆடும். அதே படத்தை வினாடிக்கு 30 முறை எடுத்துவிடும். ஆனால் ஒரு புள்ளியில் அது நிற்கும் நேரம் நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே, எனவே படம் மணல் மணலாக வரும். பல படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் வேகத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். சுழல்தட்டுக் கருவி வேறு சாதி. ஜப்பானின் யோக்கோகாவா 1996இல் கொண்டுவந்த சிஎஸ்யு10 அமைப்பில் ஒரு தட்டில் ஏறக்குறைய 20,000 நுண்வில்லைகள், அவற்றுக்கு நேரே இன்னொரு தட்டில் அதே எண்ணிக்கை ஊசித்துளைகள். ஒரே சமயத்தில் ஆயிரம் ஒளிக்கற்றைகள் மாதிரிமேல் ஓடுகின்றன, கேமரா முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பிடிக்கிறது. ஒரே ஆள் நிரை நிரையாக மரத்துக்கு மரம் போய்ச் சீவுவதற்கும், ஒரு காட்டில் ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் இறக்கிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. சாயம் சீக்கிரம் வெளுக்காது, உயிருள்ள செல்லும் அதிகம் வதைபடாது.

அப்படியென்றால் சுழல்தட்டை வாங்கிவிடலாமே என்றால், அங்கேதான் பட்டை குறுக்கே நிற்கிறது. சுழல்தட்டில் துளைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. தடித்த, முழுவதும் ஒளிரும் மாதிரியை வைத்தால் ஒரு துளையில் தடுக்கப்பட வேண்டிய மூட்ட ஒளி பக்கத்துத் துளை வழியாக உள்ளே நுழைந்துவிடுகிறது. பின்னால் வந்த டபிள்யூ1 வகைக் கருவியில் துளைகளின் இடைவெளியைக் கூட்டிச் சரிசெய்யப் பார்த்தார்கள், குறைந்தது, ஒழியவில்லை. பட்டையோ தானே ஒளிரும் பண்டம். வெளிப்பட்டையில் கல்போல் இறுகிய செல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் லிக்னின் நீலத்திலிருந்து பச்சை வரை சாயமே போடாமல் மின்னும். மேல்தோலுக்கு அடியில் இருக்கும் பச்சையம் 680 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக எரியும். ரப்பருக்கு நைல் ரெட் சாயம் போட்டால் அதன் ஒளி இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து சிக்கிக்கொள்கிறது. நிலையான வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் கருவியில் எது லிக்னின், எது ரப்பர் என்று பிரிக்க முடியாமல் கண் பூத்துவிடும். இங்கே வேண்டியது நிறமாலையைச் சின்னச் சின்னக் கீற்றாகப் பிரித்து அளக்கும் டிடெக்டர். ஒவ்வொரு பொருளின் ஒளிக் கையொப்பத்தையும் பதிந்துகொண்டு, கலந்ததைக் கணக்கிட்டுப் பிரித்துவிடலாம். அந்த வசதி புள்ளி ஸ்கேனிங் கருவிகளில்தான் சரியாக அமைகிறது.

ஆகவே என் மாதிரிக்கு வேண்டியதை நான் தெளிவாகவே எழுதிக் கொடுத்தேன். புள்ளி ஸ்கேனிங் கருவி, நிறமாலை டிடெக்டரோடு. பால் குழாயில் ஓட்டத்தைப் பார்க்க ரெசனன்ட் கண்ணாடியும் கூட. லேசர் நான்கு போதும்: 405, 488, 561, 640 நானோமீட்டர். ஆறு வேண்டாம், எட்டு வேண்டாம். மிச்சமாகும் பணத்தை வில்லையில் போடுங்கள். குழு இதைப் படித்துவிட்டு, லேசர் அதிகம் உள்ள கருவியை ஏன் குறைத்துக் கேட்கிறீர்கள் என்று திரும்பி அனுப்பியது.

வில்லையைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் காதே கேட்பதில்லை. கருவியின் கண் அதுதான். எல்லா விலைப்பட்டியலிலும் முதலில் நிற்பது 1.4 துளை எண் கொண்ட எண்ணெய் வில்லை. மாட்டுச் செல் சிலைடுக்கு அதைவிட நல்லது கிடையாது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515, நீருக்கு 1.33. நீரில் ஊறிய பட்டைத் துண்டுக்குள் பத்து இருபது மைக்ரோமீட்டர் இறங்கியதுமே இந்த வேறுபாட்டால் புள்ளி நீண்டு வழிந்துவிடும். குழாய் வளையங்களோ அதற்கும் ஆழத்தில். நீர் வில்லையோ சிலிகோன் எண்ணெய் வில்லையோ இருந்தால் ஆழம் தெரியும். அதை விருப்பத் தேர்வு என்று பட்டியலின் கடைசிப் பக்கத்தில் போட்டு வைக்கிறார்கள். பட்ஜெட் குறையும்போது முதலில் கத்தி விழுவது கடைசிப் பக்கத்தில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு பணம் போட்டாலும் சாதாரண கான்ஃபோக்கலில் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே உருவம் பிரியாது. ரப்பர் துகள்களில் மிகப் பல அதைவிடச் சிறியவை. விளம்பரத் தாளில் துகள் துகளாகக் காட்டும் படத்தைப் பார்த்து, எல்லாத் துகளையும் எண்ணிவிடலாம் என்று மேலே எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு முதல் ஐந்து மைக்ரோமீட்டர் வரையுள்ள லுட்டாய்டு தெரியும். அது உடைவது தெரியும். குழாய் அடைபடுவது தெரியும். எனக்கு அது போதும், அம்மாவின் கேள்விக்கும் அதுவே போதும். கிடைக்காததைச் சொல்லிப் பணம் கேட்டால் கிடைப்பதன் மதிப்பும் போய்விடும்.

"கோலாலம்பூர்ப் பக்கம் எத்தனையோ இடத்தில் கருவி இருக்கிறதே, எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். போகாமலா இருந்தோம்? நேரம் முன்பதிவு செய்து, காத்திருந்து, ஐஸ் பெட்டியில் பட்டையை வைத்துக்கொண்டு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய் இறங்கினால், விடியலில் சீவிய பட்டையில் குழாய்கள் எல்லாம் அடைத்து முடிந்திருக்கும். பால் ஓட்டம் நிற்பது சில மணி நேரத்தில். பார்க்க வேண்டிய சம்பவமே வழியில் நடந்து முடிந்துவிடுகிறது. மருந்தில் பதப்படுத்திய துண்டைக் கொண்டுபோகலாம். அதற்குக் கான்ஃபோக்கலே வேண்டாம், பழைய எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் போதும். மரம் இருக்கும் இடத்துக்கு அருகில் கருவி இருக்க வேண்டும் என்று கேட்பது ஊர்ப் பெருமைக்காக அல்ல.

கருவி வந்தால் எங்கே வைப்பார்கள் என்பதை நினைத்தால் இன்னும் கவலை. மலாக்காவின் ஈரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலணியில் பூஞ்சை பூக்கும் ஊர் இது. வில்லைக்குள் பூஞ்சை இறங்கினால் நூல் நூலாகப் பரவிக் கண்ணாடிப் பூச்சையே தின்றுவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நடுவண் ஏர்கான் அணைந்துவிடும், மின்கட்டணம் மிச்சம். இரவெல்லாம் அறை வேகும். ஈரக் காற்று புகுந்ததும் குளிர்ந்திருந்த வில்லை வியர்க்கும். காலையில் மறுபடி குளிர் ஏறும். வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே குவியம் நழுவும் கருவிக்கு இது கொலை. தனி ஏர்கான், ஈரம் உறிஞ்சும் கருவி, வில்லைக்கு டிரை கேபினெட், இடி மின்னலுக்குத் தாங்கும் யுபிஎஸ். இவற்றின் மொத்த விலை கருவியின் விலையில் மிகச் சிறிய பங்கு. ஆனால் இவை கட்டடப் பிரிவின் பட்ஜெட்டில் வர வேண்டுமாம், கருவிப் பட்ஜெட்டில் வரக் கூடாதாம். கட்டடப் பிரிவோ கருவிக்குத் தேவையானதைக் கருவிக்காரர்கள்தான் வாங்க வேண்டும் என்கிறது. இரண்டு மேசைக்கும் நடுவில் என் கடிதம் ஊசலாடுகிறது.

பழுது பார்க்கும் ஒப்பந்தமும் அப்படித்தான். முதலாண்டு உத்தரவாதம் என்பதோடு எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டு லேசர் ஒன்று மங்கினால், ஸ்கேனர் கண்ணாடி நடுங்கினால், பொறியாளர் கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வர வேண்டும். வரும் கூலி, பாகத்தின் விலை எல்லாம் சேர்ந்து எங்கள் ஓராண்டு ரசாயனச் செலவைத் தின்றுவிடும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தை வாங்கும் விலையிலேயே சேர்த்துக் கேளுங்கள், அப்போதுதான் பேரம் படியும் என்று மன்றாடினேன். அப்படிச் சேர்த்தால் மொத்த விலை கூடித் தெரியும், ஒப்பீட்டில் நாங்கள் அதிகம் செலவழித்ததாகக் காணும் என்று பதில். காகிதத்தில் விலை குறைந்து தெரிவதற்காக மூன்றாம் ஆண்டில் துணி போர்த்தி மூடிய கருவிகளை இந்த நாட்டில் நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒரு மாணவியின் ஆய்வு அந்தத் துணிக்கடியில் கிடக்கிறது என்றுதான் தோன்றும்.

மாணவி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. எனக்கு மிகவும் வலிப்பதும் அதுதான். இந்தக் கருவியை இயக்க ஓர் ஆள் வேண்டும். பொத்தானை அழுத்த மட்டும் அல்ல. எந்தச் சாயத்துக்கு எந்த லேசர், எவ்வளவு வீரியம், துளை எவ்வளவு, எந்த இடைவெளியில் அடுக்கடுக்காகப் படம் எடுப்பது என்று மாதிரியைப் பார்த்து முடிவெடுக்கத் தெரிந்த ஆள். அதற்கு நாள்பட்ட பழக்கம் வேண்டும். நல்ல கருவியும் பழகாத கையும் சேர்ந்தால் சாயம் வெளுத்த கறுப்புப் படம்தான் மிஞ்சும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இருக்கிறாள். அவள் தாத்தாவும் பாட்டியும் மெர்லிமாவ் பக்கம் பால் சீவியவர்கள். பட்டையை ரேசர் பிளேடால் அவள் சீவும் துண்டு, நான் சீவுவதைவிட மெல்லியதாகவும் சீராகவும் வருகிறது. பழைய ஒளிர்வு நுண்ணோக்கியில் அவள் எடுத்த படங்களில் குழாய் வளையங்கள் அழகாகத் தெரிகின்றன. கருவி வந்தால் இவளை வைத்துக்கொள்ளலாம், ஒரு ஒப்பந்தப் பதவியாவது கொடுங்கள் என்று எழுதினேன். கருவி வாங்கும் நிதியில் சம்பளத்துக்கு இடமில்லை, சம்பள நிதியில் புதுப் பதவிக்கு அனுமதியில்லை என்று பதில் வந்தது. மில்லியன் வெள்ளிக் கருவிக்கு அனுமதி உண்டு, அதைத் தொடத் தெரிந்த கைக்கு இல்லை.

"அக்கா, நான் கோலாலம்பூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல கேட்டிருக்கேன். கிடைச்சா போயிடுவேன்" என்று போன வாரம் சொன்னாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு மூத்தவள், கல்விக் கடன் இருக்கிறது, மாதாமாதம் கட்ட வேண்டும். பதவிக்கான கடிதத்தை மறுபடி எழுதி, இந்த முறை கருவிக்கான கோப்போடு ஒரே உறையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று முதல் வரியிலேயே கேட்டிருக்கிறேன். அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வருவதற்குள் பதில் வர வேண்டும்.